உட்சுவரை இடிக்கும் முன் அது பாரம் தாங்குகிறதா என்று எப்படி அறிவது?

கிளிநொச்சியில் 2009க்குப் பின் கட்டிய ஓட்டு வீடொன்றில், விறாந்தைக்கும் அறைக்கும் இடைப்பட்ட சுவரை எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சுவரைத் தட்டிப் பார்த்துச் சொல்பவர்களை நம்ப வேண்டாம். சீமெந்துக் கல்லில் அந்த ஓசை எதையும் உறுதிப்படுத்தாது. ஏணி வைத்துக் கூரைக்குள் பாருங்கள். சுவர் முக்கோணமாக முகடுவரை எழும்பி, முகட்டு வளையோ மற்ற வளைகளோ (கூரையைத் தாங்கும் நீள மரங்கள்) அதன் மேல் அமர்ந்திருந்தால், ஓடுகளின் பாரம் அச்சுவர் வழியாகவே அத்திவாரத்துக்கு இறங்குகிறது. சுவர் சீலிங் மட்டத்தோடு நின்று, மேலே எந்த மரமும் அதைத் தொடாவிட்டால் அது வெறும் தடுப்பாக இருக்கக்கூடும். 4 அங்குலக் கல் என்பதற்காக மட்டும் அப்படி முடிவுசெய்யாதீர்கள், ஏனெனில் செலவைக் குறைக்க மெல்லிய சுவரின் மேலேயே வளையை ஏற்றிவிடும் மேசன்மாரும் உண்டு.

பலர் கவனிக்காத ஒன்று: கொங்கிறீட் தூண்கள் இல்லாத வீட்டில், கூரையைத் தாங்காத குறுக்குச் சுவர்கூட நீண்ட வெளிச்சுவரைச் சாயாமல் பிடித்திருக்கலாம். மேலே கொங்கிறீட் தட்டு இருந்தால், பொறியியலாளர் பார்க்கும்வரை ஒரு கல்லையும் அசைக்க வேண்டாம்.

பாரம் தாங்கும் சுவரானால், முதலில் வளைகளுக்கு முட்டுக்கொடுத்து, இரு பக்கமும் தூணுடன் கொங்கிறீட் பீம் போட்டு, அது இறுகிய பின்னரே இடிக்க வேண்டும்.