அடிபட்ட பூனைக்குப் பாரசிட்டமால் வேண்டாம்

பைக்கில் அடிபட்டுப் பின்னங்காலை இழுக்கும் தெருப்பூனைக்கு அரை பாரசிட்டமால் தரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். பூனையின் ஈரலால் அதை முறிக்க முடியாது, அரை மாத்திரையே உயிரைப் பறிக்கலாம். காயத்தில் டெட்டாலும் ஊற்றாதீர்கள், நக்கினால் விஷம். காயத்தைக் கழுவ மருந்துக்கடையில் கிடைக்கும் சலைன் (உப்புநீர்) போதும்.

தடித்த துண்டைத் தலையோடு போர்த்தி, துளையிட்ட அட்டைப்பெட்டிக்குள் அப்படியே இறக்குங்கள். காலை நிமிர்த்தவோ கட்டவோ வேண்டாம். பல்லோ நகமோ பட்டால் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே ரேபிஸ் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

ஈறு வெளுத்திருந்தாலோ வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ விடியும்வரை காத்திருக்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். எக்ஸ்ரேயில் இடுப்பெலும்பு முறிவு என்று வந்தாலும் மனம் தளர வேண்டாம். பல பூனைகள் 4 முதல் 6 வாரம் கூண்டு ஓய்விலேயே தேறிவிடும். சிறுநீரைத்தான் கவனிக்க வேண்டும். மணல் தட்டு ஒருநாள் முழுக்கக் காய்ந்தே கிடந்தால் மூத்திரப்பையோ நரம்போ சேதமாகியிருக்கலாம், உடனே மருத்துவரிடம் போங்கள்.

கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த பிறகே தத்துக் கொடுங்கள். கால் நொண்டுவதை மறைக்காதீர்கள். மறைத்தால் பூனை மறுபடி தெருவுக்கு வந்துவிடும். மாடி வீடென்றால் ஜன்னலிலும் பால்கனியிலும் வலை இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள்.