மஸ்டாங்குக்கு ஷார்ட் ஹெடரா, லாங் ஹெடரா?

கேள்வி: அண்ணே, போன வருடம் 2017 ஃபோர்ட் மஸ்டாங் ஜிடி ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். 5.0 லிட்டர் வி8. சனி ஞாயிறுதான் எடுப்பேன். ஹெடரை, அதாவது எரிந்த வாயு எஞ்சினைவிட்டு வெளியேறும் முதல் குழாய்த் தொகுதியை, மாற்றினால் இன்னும் நன்றாக இழுக்கும் என்கிறார்கள். நண்பர் ஒருவர், "ஷார்ட் போடு, தொல்லை இருக்காது" என்கிறார். வொர்க்‌ஷாப்காரரோ, "போட்டால் லாங் போடுங்க, ஷார்ட் போட்டால் காசுதான் வீண்" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? – உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். ஷார்ட் போட்டால் தொல்லை இல்லை, பலனும் இல்லை. லாங் போட்டால் பலன் உண்டு, அதோடு சிங்கப்பூர்ச் சாலையில் பெரிய தலைவலியும் உண்டு. உங்கள் வண்டிக்கு இரண்டுமே வேண்டாம் என்பேன். ஏன் என்று சொல்கிறேன்.

எக்சாஸ்ட் வால்வு திறந்ததும் எரிந்த வாயு பெரும் அழுத்தத்தோடு குழாயில் பாய்கிறது. எஞ்சினின் ஒரு பக்கத்து நான்கு குழாய்களும் ஒன்றுசேரும் கலெக்டருக்கு அது வந்து சேர்ந்தவுடன், அழுத்தம் குறைந்த அலை ஒன்று வந்த வழியே திரும்பி ஓடும். இன்டேக், எக்சாஸ்ட் வால்வு இரண்டும் சற்றே திறந்திருக்கும் அந்த நொடித்துளியில் அலை வந்து சேர்ந்தால், சிலிண்டரில் மிச்சமிருக்கும் புகையை உறிஞ்சிவிட்டுப் புதுக் காற்றையும் உள்ளே இழுத்துத் தரும். எந்த ஆர்பிஎம்மில் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) இந்த நேரம் பொருந்தி வரும் என்பதைக் குழாயின் நீளம்தான் தீர்மானிக்கிறது. முக்கால் மீட்டருக்கு மேல் நீளமுள்ள லாங் ஹெடரில், எஞ்சின் உண்மையிலேயே சுற்றும் நடு, மேல் ஆர்பிஎம்மில் அது நடக்கும். ஒரு சாண், ஒன்றரைச் சாண் நீளமுள்ள ஷார்ட் ஹெடரில் நேரம் பொருந்தி வரும் வேகம் மிக அதிகம்; அதை எஞ்சின் எட்டவே எட்டாது. மிஞ்சுவது, வாயு சற்றுத் தடையில்லாமல் போகும் என்ற ஒரே லாபம்.

அந்த லாபமும் உங்களுக்குப் பெரிதாகக் கிடைக்காது. பழைய வி8 வண்டிகளில் இருந்த கனத்த வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு (ஹெடர் இருக்கும் இடத்தில் ஃபேக்டரி போடும் பகுதி) உங்கள் எஞ்சினில் கிடையாது. ஃபேக்டரியிலேயே தனித்தனி ஸ்டீல் குழாய்களை வெல்ட் செய்து, ஷார்ட் ஹெடர் போலத்தான் போட்டிருக்கிறார்கள். அதைக் கழற்றிவிட்டு இன்னொரு ஷார்ட் மாட்டினால், 400-க்கும் மேல் குதிரைத்திறன் உள்ள எஞ்சினில் கூடுவதை ஓட்டுகிறவர் உணரவே முடியாது.

லாங் அப்படியல்ல. எஞ்சின் கம்ப்யூட்டர் ட்யூனிங்கும் சேர்த்துச் செய்தால் 20 குதிரைத்திறன் வாக்கில் கூடலாம். ஆனால் அது தெரிவது 4,000 ஆர்பிஎம்முக்கு மேலேதான். பிஐஇ விரைவுச்சாலையில் 90 கிலோமீட்டர் வேகத்தில், டாப் கியரில் போகும்போது டாக்கோமீட்டரைப் பாருங்கள்: முள் 2,000-க்குக் கீழே நிற்கும். வார இறுதி ஓட்டத்தில் அந்த 20-ஐ நீங்கள் எங்கே தொடப்போகிறீர்கள்?

அடுத்ததுதான் முக்கியம். உங்கள் வண்டியில் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அந்த ஃபேக்டரிக் குழாய்களுக்கு நேர் கீழே, எஞ்சினை ஒட்டியே இருக்கிறது. லாங் ஹெடர் வந்து உட்காருவது அதே இடத்தில். ஆகவே ஹெடரோடு நடுக்குழாயையும் மாற்றியாக வேண்டும். கன்வெர்ட்டரே இல்லாத நடுக்குழாயைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள்; தொடவே தொடாதீர்கள். ஹைஃப்ளோ கன்வெர்ட்டர் உள்ளதை வாங்கினாலும், அது எஞ்சினைவிட்டுத் தள்ளிப் போய்விடுவதால் சூடேற நேரம் பிடிக்கும். காலையில் வண்டியைக் கிளப்பியதும் கார் பார்க் முழுக்கப் புகை நெடி அடிக்கும். ஆக்சிஜன் சென்சாருக்கு வயரை நீட்ட வேண்டும், ட்யூனிங்கை மாற்ற வேண்டும். செக் எஞ்சின் விளக்கு எரிந்தால் அதை ட்யூனிங்கில் மறைத்துவிடலாம் என்பார்கள். விளக்கை அணைத்துவிட்டால் புகை சுத்தமாகிவிடுமா?

நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒப்புதல் இல்லாமல் எக்சாஸ்டில் கைவைக்கக் கூடாது. வண்டிக்கு மூன்று வயதிலிருந்து பத்து வயதுவரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனை. சிஓஇ-யைப் (வாகன உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்துப் பத்து வயதைத் தாண்டினால் ஆண்டுதோறும். பரிசோதனைக்கு முதல் நாள் பழையதை மாட்டி, மறுநாள் கழற்றிக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள். சட்டப்படி அது தவறு. லாங் ஹெடர் ஒருமுறை கழற்றி மாட்டுவதே முழு நாள் வேலை; கூலி இரட்டிப்பு. வாரண்டி மிச்சமிருந்தால் அதற்கும் ஆபத்து.

சரி, கையிலிருக்கும் காசை என்ன செய்வது? உங்களுக்கு வேண்டியது வி8 சத்தம் என்றால், கன்வெர்ட்டருக்குப் பின்னால் வரும், சத்தத்தை அடக்கும் மஃப்ளர் பகுதியைப் பாருங்கள். சத்தம், புகை இரண்டுக்கும் தயாரிப்பாளரின் சோதனைச் சான்று உள்ளதா, உங்கள் மாடலுக்கு ஒப்புதல் வாங்கித் தர முடியுமா என்று முதலில் கேளுங்கள். ஒப்புதல் கைக்கு வந்த பிறகு முழுப் பணத்தையும் கொடுத்தால் போதும்.

கேள்வி: அதே ஹெடர் அமெரிக்க இணையக் கடையில் இங்குள்ள விலையில் பாதிதான். வரவழைக்கலாமா? – காக்கி புக்கிட் வாசகர்

பதில்: விலையைப் பார்க்கும் முன் ஸ்டியரிங் எந்தப் பக்கம் என்று பாருங்கள். அமெரிக்காவில் விற்பவை பெரும்பாலும் இடப்பக்க ஸ்டியரிங் வண்டிக்கு அளவெடுத்துச் செய்தவை. நம் வண்டியில் ஸ்டியரிங் ஷாஃப்ட் இறங்குவது எஞ்சினுக்கு வலப்பக்கம். அந்தப் பக்கத்துக் குழாய் ஷாஃப்டில் இடிக்கும், அல்லது விரல் நுழையாத இடைவெளியில் அதைச் சுட்டுக்கொண்டே இருக்கும். சுத்தியலால் குழாயை நசுக்கி இடம் பண்ணித் தருகிறேன் என்று வொர்க்‌ஷாப்பில் சொன்னால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். ஆஸ்திரேலியாவில் வலப்பக்க ஸ்டியரிங்குக்கென்றே செய்கிறார்கள்; விலை கூடினாலும் அதுதான் பொருந்தும்.

பாதி விலை என்பதும் கடைசிவரை பாதியாக இருக்காது. கனமான பெட்டி, விமானக் கூலி உண்டு. 400 வெள்ளிக்கு மேற்பட்ட பொருள் என்பதால் கூலி, காப்புறுதி எல்லாம் சேர்ந்த தொகைக்கு 9% பொருள் சேவை வரி. பொருந்தாவிட்டால் திருப்பி அனுப்பும் செலவும் உங்கள் தலையில். இங்குள்ள கடையில் வாங்கினால் ஆறு மாதத்துக்குள் தெரியும் குறைக்கு, அது விற்கும்போதே இல்லை என்று நிரூபிக்க வேண்டியது கடைக்காரர். பேசித் தீராவிட்டால் பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது. 20,000 வெள்ளிவரை சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்துக்கும் போகலாம். ரசீதில் வண்டியின் மாடல், ஆண்டு, வலப்பக்க ஸ்டியரிங் என்று எழுதி வாங்குங்கள்.

உலோகத்தையும் கேளுங்கள். 304 ஸ்டெயின்லெஸ் நம் ஈரக்காற்றைத் தாங்கும். 409 ரக ஸ்டெயின்லெஸ்ஸில் மேலாகத் துரு படியும். பெயின்ட் அடித்த சாதா இரும்பு சீக்கிரமே உரியும். அதன்மேல் வெப்பத் துணி சுற்றினால் ஈரம் உள்ளேயே தங்கி இன்னும் வேகமாக அரிக்கும்.

கேள்வி: கிளாசிக் திட்டத்தில் 60-களின் வி8 கார் வைத்திருக்கிறேன். எனக்கும் இதே பதில்தானா? – சிராங்கூன் வாசகர்

பதில்: இல்லை. உங்களிடம் இருப்பது வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு. எந்த ஹெடர் போட்டாலும் வித்தியாசம் தெரியும். சென்சார் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை, கார்புரேட்டர் ஜெட்டைச் சரிபார்த்தால் போதும். ஆனாலும் அந்தத் திட்டப்படி ஆண்டுக்கு 45 நாள் மட்டும் ஓடும் வண்டிக்கு ஷார்ட்தான் என் தேர்வு. லாங் ஹெடர் தரையோடு தாழ்ந்து தொங்கும். வீவக மாடிக் கார் பார்க்கின் சரிவிலும் மேட்டிலும் கலெக்டர் உரசும். ஒப்புதல் உங்களுக்கும் வேண்டும். மாட்டிய பிறகு எஞ்சினை நன்றாகச் சூடேற்றி, முழுக்க ஆறவிட்டு, போல்ட்டுகளை மறுபடி முறுக்கச் சொல்லுங்கள். பழைய மேனிஃபோல்டை எண்ணெய் பூசித் துணியில் சுற்றி ஸ்டோர் ரூமில் வையுங்கள். வண்டியை விற்கும் நாளில் வாங்குபவர் முதலில் கேட்பது அதைத்தான்.