பால்டிமோரில் நிற்பது எந்த 'கான்ஸ்டலேஷன்'?

கேள்வி: அட்டையில் 'கான்ஸ்டலேஷன் 1797' என்று போட்ட மரக்கப்பல் மாடல் ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறேன். பால்டிமோரில் நிற்கும் அசல் கப்பலை மகன் படமெடுத்து அனுப்பினான். அதில் பின்பக்கம் வளைவாக இருக்கிறது. மாடலின் வரைபடத்தில் தட்டை. எதை நம்புவது?

பதில்: வரைபடத்தையே நம்புங்கள். மகன் படமெடுத்தது வேறு கப்பலை.

அமெரிக்கக் கடற்படையில் இந்தப் பெயரில் இரண்டு பாய்மரப் போர்க்கப்பல்கள் இருந்தன. முதலாவது, 1797 செப்டம்பரில் பால்டிமோரிலேயே கட்டி இறக்கிய 38 பீரங்கி ஃப்ரிகேட் (மூடிய தளத்திலும் அதற்கு மேலுள்ள திறந்த தளத்திலும் பீரங்கி வைத்த போர்க்கப்பல்). 1799இல் தாமஸ் ட்ரக்ஸ்டன் தலைமையில் 'லான்சுர்ஜாந்த்' என்ற பிரெஞ்சுக் கப்பலைப் பிடித்துப் பேர் வாங்கியது இதுதான். 1853இல் வர்ஜீனியாவின் காஸ்போர்ட் கடற்படைத் தளத்தில் இதைப் பிரித்துப் போட்டார்கள். மறு ஆண்டே அதே தளத்திலிருந்து ஜான் லென்தால் வடிவமைத்த 'ஸ்லூப்' (முக்கியப் பீரங்கிகளை ஒரே தளத்தில் வைத்த போர்க்கப்பல்) ஒன்று அதே பெயரில் இறங்கியது. பீரங்கிகள் இருபத்துச் சொச்சம்தான், ஆனால் கப்பலும் பெரியது, குண்டும் பெரியது.

ஒரே தளம், ஒரே பெயர், போதாக்குறைக்குப் பழைய மரமும் கொஞ்சம் உள்ளே போனது. குழப்பம் வராமல் என்ன செய்யும்? 1955இல் பால்டிமோருக்கு வந்த கப்பலை 1797இன் கப்பல் என்றே நம்பி, மேல்தளத்தை மாற்றி ஃப்ரிகேட் போலவே ஆக்கிவிட்டார்கள். அதற்கு ஆதாரமாகக் காட்டிய ஆவணங்களில் சில போலி என்று பிறகு தெரியவந்தது. கப்பல் ஆய்வாளர் டானா வெக்னர் குழுவின் 1991 அறிக்கை இது 1854இன் கப்பல்தான் என்று நிறுவியது. 1990களின் கடைசியில் நடந்த சீரமைப்பில் ஸ்லூப் உருவம் திரும்பியது.

இரவல் பெருமை இதற்குத் தேவையே இல்லை என்பேன். 1860இல் 'கோரா' என்ற அடிமைக் கப்பலை மடக்கி, அதிலிருந்த 705 ஆப்பிரிக்கர்களை மீட்டது இந்த இரண்டாவது கப்பல்தான்.

சரி, உங்கள் வேலைக்கு வருவோம். பின்பக்கம், பீரங்கி வாசல்கள், மேல்தளம் மூன்றுக்கும் மகனின் படங்களைத் தொடாதீர்கள். கயிறு, கப்பி கட்டும் முறைக்கு மட்டும், அதுவும் ஒரு யோசனைக்காகப் பார்க்கலாம். இணையத்தில் 1996க்கு முந்தைய படங்கள் கிடைத்தால் இன்னும் கவனம்: அந்தக் கலப்பு உருவம் இரண்டு கப்பலுக்கும் பொருந்தாது. இனி எந்தப் படத்தைச் சேமித்தாலும் பெயரோடு கப்பல் நீரில் இறங்கிய ஆண்டையும் சேர்த்து எழுதிவையுங்கள். பிரிட்டிஷ் போர்க்கப்பல் 'விக்டரி'யிலும் இதே சிக்கல் உண்டு. 1744இல் மூழ்கியது ஒன்று, போர்ட்ஸ்மத்தில் இன்று நிற்கும் நெல்சனின் கப்பல் வேறொன்று.