இரண்டு வெட்டு, அவசரம் வேண்டாம்: சிறிய ரோபோ மாதிரிகள் பற்றிய கேள்வி பதில்

மொரீஷியசிலும் ரீயூனியனிலும் பிளாஸ்டிக் ரோபோ மாதிரிகளைக் கட்டிப் பார்க்கும் தமிழ்ப் பிள்ளைகளும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். பெரும்பாலும் 1/144 அளவைப் பற்றித்தான் பேசப்போகிறேன். ஜப்பானியக் கார்ட்டூன் கதையில் 18 மீட்டர் உயரமாக நிற்கும் கன்டாம் ரோபோ இந்த அளவில் 12.5 சென்டிமீட்டராகிவிடும். விலை, கடை, தபால் செலவு பற்றிய கேள்விகளை ஒதுக்கிவிட்டேன்.

காத்ர் போர்னிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: அக்கா, முதன்முதலாக எந்தப் பெட்டியை வாங்கலாம்?

பண்டாய் நிறுவனம் 2020இல் வெளியிட்ட 'என்ட்ரி கிரேடு' (தொடக்கநிலை வரிசை) ஆர்.எக்ஸ்-78-2, அதாவது கதையின் முதல் கன்டாம். இந்தக் கேள்விக்கு எப்போதும் இதைத்தான் சொல்வேன். துண்டுகளை ரன்னர் என்ற பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து கையாலேயே பிரித்தெடுக்கலாம். நிப்பர் என்ற வெட்டுக்குறடு வேண்டாம், பசை வேண்டாம், ஸ்டிக்கரும் வேண்டாம். நிறங்கள் எல்லாம் பிளாஸ்டிக்கிலேயே பிரிந்து வருகின்றன. 1980 ஜூலையில் 300 யென் விலையில் வந்த முதல் 1/144 கன்டாமோடு இதை ஒப்பிட்டால்தான் அருமை புரியும். அதற்குப் பசையும் தேவைப்பட்டது, பெயிண்டும் தேவைப்பட்டது.

இரண்டாவது பெட்டியாக 'ஹை கிரேடு' வாங்குங்கள். அந்த வரிசை 1990இல் தொடங்கியது, இன்று வரை வந்துகொண்டிருக்கிறது. 'ரியல் கிரேடு' பெட்டியின் படத்தைப் பார்த்து மயங்கி அதிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். உயரம் அதே 12.5 சென்டிமீட்டர்தான், ஆனால் துண்டுகள் பல மடங்கு; அரிசி அளவு ஸ்டிக்கர்கள் வேறு. இரண்டாம் நாளே பெட்டியை மூடிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவீர்கள்.

வக்குவாவிலிருந்து ஒரு தாய்: என் மகனுக்கு ஏழு வயது. வாங்கிக் கொடுக்கலாமா?

ஹை கிரேடு பெட்டிகளில் பொதுவாக 8 வயது முதல் என்று போட்டிருக்கும். ஏழு வயதுப் பிள்ளைக்கு என்ட்ரி கிரேடு, நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்தால், சரியாக இருக்கும். நிப்பரும் பிளேடும் உங்கள் கையிலேயே இருக்கட்டும். வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் தரையில் வைத்துக் கட்ட வேண்டாம். கைவிரல் துண்டுகள் வாய்க்குள் போகும் அளவில்தான் இருக்கின்றன.

போர்ட் லூயியிலிருந்து: கருநீலத் துண்டுகளை வெட்டிய இடத்தில் வெள்ளைத் தழும்பு விழுகிறது. ஏன்?

இதற்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

ரன்னர் என்பது துண்டுகளைத் தாங்கி நிற்கும் பிளாஸ்டிக் சட்டம். துண்டும் சட்டமும் சேரும் மெல்லிய கழுத்தைக் கேட் என்கிறோம். நிப்பரின் இரு பற்களும் அந்தக் கழுத்தை நசுக்கிக்கொண்டே வெட்டுகின்றன. நசுங்கும் இடத்தில் பிளாஸ்டிக்குக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வெடிப்புகள் உண்டாகி ஒளியைச் சிதறடிக்கின்றன. அதுதான் அந்த வெள்ளை. வெள்ளைத் துண்டில் தெரியாது. கருநீலத்திலும் சிவப்பிலும் உடனே கண்ணில் படும்.

ஆகவே இரண்டு வெட்டு. முதல் வெட்டைத் துண்டிலிருந்து தள்ளி, ரன்னர் பக்கமாகப் போடுங்கள். துண்டு கையோடு வந்த பிறகு, ஒட்டியிருக்கும் மிச்சத்தை இரண்டாவது வெட்டில், நிப்பரின் தட்டையான பக்கம் துண்டைப் பார்த்திருக்கும்படி வைத்து எடுங்கள். அப்போதும் ஒரு மயிரிழை மிச்சம் விடுங்கள். அதை 600 எண் உப்புத்தாளாலும் பிறகு 1000 எண் தாளாலும் தேய்த்துச் சமமாக்குங்கள். முதல் வெட்டிலேயே துண்டை ஒட்டி வெட்டினால், ரன்னரின் விறைப்பு முழுவதும் அந்தக் கழுத்தில் இறங்கி, சில நேரம் துண்டிலேயே பள்ளம் விழும். பள்ளத்தை எந்த உப்புத்தாளும் நிரப்பாது.

ஏற்கனவே விழுந்த வெள்ளையைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், ஓரளவு மங்கும். மீதியைப் பளபளப்பில்லாத மேல்பூச்சு மறைக்கும்.

ரோஸ் ஹில்லிலிருந்து: ஒரு செட் நல்லதா, சுமாரா என்று எப்படி மதிப்பிடுவது?

பெட்டிப் படத்தை வைத்து மதிப்பிடாதீர்கள். திறந்ததும் ரன்னர்களை வெளிச்சத்தில் பிடித்து, கேட்டுகள் எங்கே விழுந்திருக்கின்றன என்று பாருங்கள். நல்ல வடிவமைப்பாளர் அவற்றை மூட்டுக்குள்ளோ, இன்னொரு துண்டு வந்து மூடும் இடத்திலோ ஒளித்துவைத்திருப்பார். மார்பின் நடுவில் கேட் வைத்திருக்கும் செட்டுக்கு நான் முதலிலேயே மதிப்பெண் குறைத்துவிடுவேன்.

அடுத்தது நிறப் பிரிப்பு. ஸ்டிக்கர் தாள் எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்குத் துண்டுகளை வார்க்கும் அச்சில் செலவு மிச்சம் பிடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கண்ணுக்கு ஒரு ஸ்டிக்கர் என்றால் மன்னிக்கலாம். முழங்காலில் மஞ்சள் பட்டை முழுவதும் ஸ்டிக்கர் என்றால் ஓராண்டில் ஓரம் பெயர்ந்து எழும்பும்.

கட்டிய பிறகு கணுக்காலைப் பாருங்கள். கால்களை அகட்டி வைத்து நிறுத்தும்போது பாதத்தின் அடி முழுவதும் மேசையில் படிகிறதா? படியாமல் விளிம்பில் நின்றால், முழங்கை எவ்வளவு மடங்கினாலும் எனக்கு அது நல்ல செட் அல்ல. துப்பாக்கியைக் கையில் கொடுத்துத் தோளை உயர்த்துங்கள். ஓர் இரவு கழித்தும் அப்படியே நின்றால் தோள்மூட்டு தேர்ச்சி பெற்றுவிட்டது. இறுதியாகத் தலையின் உச்சி, கையின் வெளிப்பக்கம், துப்பாக்கியின் முதுகு ஆகிய இடங்களில் இரு பாதிகள் சேரும் கோடு தெரிகிறதா என்று பாருங்கள். துப்பாக்கியில் தெரிவதை நான் பொறுத்துக்கொள்வேன், தலையில் பொறுப்பதில்லை.

திரியோலேவிலிருந்து: பெயிண்ட் அடித்தே ஆக வேண்டுமா?

வேண்டாம். முதலில் வெட்டப் பழகுங்கள்.

ஃப்ளோரியாலிலிருந்து: தைப்பூசக் காவடி விடுமுறையில் வீட்டில் இருந்தபோது மேல்பூச்சு ஸ்பிரே அடித்தேன். ரோபோ முழுவதும் சாம்பல் பூசியதுபோல் வெளுத்துவிட்டது.

ஜனவரி, பிப்ரவரியில், அதுவும் மேட்டு நிலத்து ஈரக் காற்றில் அடித்தால் இதுதான் நடக்கும். ஸ்பிரேயிலுள்ள கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு சட்டென்று குளிர்கிறது. காற்றிலுள்ள ஈரம் அங்கே படிந்து பூச்சுக்குள் சிக்கிக்கொள்கிறது. மழை ஓய்ந்த, காய்ந்த நாளில் அதே பூச்சை மிக மெல்லிதாக ஒருமுறை அடித்துப் பாருங்கள். பல நேரங்களில் பழைய படலம் இளகி வெளுப்பு போய்விடும்.

நவம்பர் முதல் ஏப்ரல் வரை ஸ்பிரேயைத் தொடாமல், தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வார்னிஷைத் தூரிகையால் பூசுவது நல்லது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஸ்பிரே டப்பாக்களை விமானத் தபாலில் அனுப்ப மாட்டார்கள் என்பதால் பலர் உள்ளூர் வன்பொருள் கடையில் கிடைப்பதை வாங்கி அடிக்கிறார்கள். இரும்புக் கதவுக்கு அடிக்கும் பூச்சு, இந்த மாதிரிகளின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனைக் கரைத்துவிடக்கூடும். முதலில் வெற்று ரன்னரில் அடித்து ஒரு நாள் விட்டுப் பாருங்கள்.

இன்னொருவர்: வெட்டிய இடம் வெள்ளையாகிறது அக்கா, என்ன செய்ய?

போர்ட் லூயிக்காரருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள். இரண்டு வெட்டு.

கியூர்பிப்பிலிருந்து ஒரு பெரியவர்: மகளே, நான் மரக்கப்பல் மாதிரிகள் கட்டியவன். வரைபடத்தைப் பார்த்துத் தேக்கை நாங்களே அறுப்போம், விலா எலும்புகளை நாங்களே வளைப்போம், பாய்த் துணியைத் தேயிலைத் தண்ணீரில் நனைத்துப் பழைய நிறம் கொண்டுவருவோம். யாரோ செய்த துண்டுகளைக் கோப்பதைக் கைவினை என்று சொல்லலாமா?

வணக்கம் ஐயா. மொரீஷியசின் மரக்கப்பல் மாதிரிகள் முன்னால் எந்த மாதிரிக்காரரும் அடக்கமாகத்தான் நிற்க வேண்டும். உங்கள் கேள்வியை நான் தள்ளிவிடப் போவதில்லை.

அளவு என்பது கப்பலில் உங்கள் கையில் பிறக்கிறது. எங்கள் பெட்டியில் அது ஷிசுவோகா நகரத்து ஆலையில், எஃகு அச்சுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. அச்சு வெட்டியவரின் நுணுக்கத்தை நாங்கள் எங்களுடையது என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. சொல்பவர்களை நானும் ஏற்பதில்லை. ஆனால் தவறு எங்கே நுழைகிறது என்று பாருங்கள். கப்பலில் ஒரு பலகை அரை மில்லிமீட்டர் தப்பினால் அடுத்த பலகையை இழைத்துச் சரிக்கட்டுவீர்கள். எங்களுக்கு எல்லாத் துண்டும் சரியாகவே வருகிறது. கெடுப்பதற்கு ஒரே ஒரு வாசல், வெட்டும் இடம். அங்கே கெடுத்ததை அடுத்த துண்டு வந்து திருத்தாது. எனவே எங்கள் கைவினை மிகக் குறுகியது, ஆனால் உண்டு.

குட்லாண்ட்ஸிலிருந்து: ஐயா சொல்வதை ஏற்க முடியவில்லை. எங்கள் ஊர்க் கப்பல் பட்டறையில் உடல் செய்பவர் ஒருவர், கயிறு கட்டுபவர் இன்னொருவர். முழுக் கப்பலை ஒருவரே செய்வதில்லையே! பிறர் செய்த துண்டைக் கோப்பது அங்கும் உண்டு.

தம்பி, இந்த இடத்தில் நான் ஐயா பக்கம். கயிறு கட்டுபவருக்கு வரும் உடல் ஒவ்வொன்றும் மயிரிழையாவது வேறாக இருக்கும். அவர் ஒவ்வொரு முறையும் அளந்துதான் கட்ட வேண்டும். எனக்கு வரும் இடது கை, ஒசாகாவில் ஒருவருக்குப் போகும் இடது கையேதான். வேலையைப் பங்கிட்டுக்கொள்வது வேறு, அளவே வேண்டாதபடி வருவது வேறு.

சான் தெனியிலிருந்து ஒரு மாணவி: அப்படியானால் இரண்டு செட்டின் துண்டுகளைச் சேர்த்து, பிளாஸ்டிக் தகடு வெட்டி ஒட்டி, புதிய ரோபோ செய்கிறார்களே, அவர்கள்?

அவர்கள் ஐயாவின் பக்கத்து வீட்டுக்காரர்கள். தகட்டில் பென்சிலால் கோடு போட்ட நிமிடமே அளவு அவர்கள் பொறுப்பாகிவிடுகிறது. எனக்கு இந்தத் துறையில் அதிக மதிப்பு அவர்கள்மீதுதான்.

வக்குவாவிலிருந்து வேறொருவர்: விலை அதிகமானது எதுவோ அதுதான் கைவினை. கப்பல் எவ்வளவுக்குப் போகிறது, ரோபோ எவ்வளவுக்குப் போகிறது?

இதை நான் ஏற்கவே மாட்டேன். சந்தை தரும் விலை செய்தவரின் கையை அளப்பதில்லை.

மீண்டும் கியூர்பிப் பெரியவர்: சரி மகளே. என் பேரன் ஒரு பெட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். மரத்துக்குப் போடும் உப்புத்தாள் என்னிடம் நிறைய இருக்கிறது. போதுமா?

120, 180 எண் தாள்கள் வேண்டாம் ஐயா. அவை போடும் கீறல் 12 சென்டிமீட்டர் உருவத்தில் உழவுச்சால்போல் தெரியும். 600 எண்ணிலிருந்து ஆரம்பியுங்கள், தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள், தாளுக்குப் பின்னால் தட்டையான கட்டை வைத்துக்கொள்ளுங்கள். விரலால் அழுத்தினால் விளிம்பு உருண்டுவிடும். பலகையைச் சாய்வு வெளிச்சத்தில் பார்த்து மேடு பள்ளம் கண்டுபிடிப்பீர்களே, அதைப் பேரனுக்குக் காட்டிக் கொடுங்கள். அந்தப் பார்வை எந்தப் பெட்டியின் விளக்கத்தாளிலும் வருவதில்லை.

ரோஸ் பெல்லிலிருந்து: கப்பலை விட்டு ரோபோவுக்கு வரலாமா? என் ரோபோவின் இடுப்பு தளர்ந்து தொய்கிறது.

மூட்டைக் கழற்றி, முளையின்மேல் சூப்பர் குளூவை மெல்லிய படலமாகத் தடவி, முழுக்கக் காயவிட்டு, பிறகு பொருத்துங்கள். முளை சற்றுத் தடித்து இறுகும். காய்வதற்கு முன் செருகினால் இடுப்பு இனி அசையாது. ரியல் கிரேடு என்றால், ரன்னரிலேயே கோக்கப்பட்டு வரும் உள்ளெலும்புக்கூடு சீக்கிரம் தளரும். நிறுத்தி வைத்துப் பார்ப்பதற்கானது அது, தினமும் மடக்கி விளையாடுவதற்கு அல்ல.

மஹேபூரிலிருந்து: வெட்டினால் வெள்ளையாக வருகிறதே?

மூன்றாவது தடவை. மேலே இருக்கிறது.

போ பாசினிலிருந்து: உடலிலுள்ள பள்ளக் கோடுகளை எடுத்துக்காட்ட, அவற்றுக்குள் ஓடும் கறுப்புத் திரவத்தை விட்டேன். மறுநாள் முழங்கால் தானாகவே பிளந்திருந்தது.

எனாமல் வகைத் திரவமாக இருக்கும். அதிலுள்ள தின்னர் என்ற கரைப்பான் இறுகப் பொருந்தியிருக்கும் மூட்டுக்குள் ஊறினால், ஏற்கனவே அழுத்தத்தில் இருக்கும் பிளாஸ்டிக் வெடித்துவிடும். ஏ.பி.எஸ். என்ற வேறு வகைப் பிளாஸ்டிக்கில் செய்த துண்டுகள் இதில் மிகவும் பலவீனமானவை. கட்டுவதற்கு முன், துண்டு தனியாக இருக்கும்போது, பளபளப்பான பூச்சின்மேல் விடுங்கள். குளம் கட்டும்படி விடாதீர்கள். தொடக்கக்காரர்களுக்கு நுனி மெலிந்த பேனாவே போதும். மூட்டுக்குள் தின்னர் போகக் கூடாது என்பதை இரண்டு வெட்டுக்கு அடுத்த சட்டமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கியூர்பிப்பிலிருந்து ஓர் இளைஞர்: நகல் பெட்டி பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

நான் வாங்குவதில்லை, பரிந்துரைப்பதுமில்லை. அச்சை உருவாக்கியவரின் உழைப்பைப் பற்றி மேலே இவ்வளவு பேசிவிட்டு வேறு பதில் சொல்ல எனக்கு மனம் வராது.

போர்ட் லூயியிலிருந்து: ஜன்னலோரம் வைக்கலாமா? காருக்குள்?

இரண்டும் கூடாது. வெயில்பட்டால் வெள்ளைப் பிளாஸ்டிக் மஞ்சளாகும். மூடிய காரின் கண்ணாடிக்குக் கீழே மெல்லிய துண்டுகள் வளையும்.

மோக்காவிலிருந்து ஒரு சிறுவன்: அக்கா, நெற்றிக் கொம்பு உடைந்துவிட்டது. கொம்பின் நுனியில் இருந்த பட்டையை வெட்டினேன், அப்போது உடைந்தது.

அந்தப் பட்டை குழந்தைகளைக் குத்தாமல் இருப்பதற்காக வைத்தது. அதை எடுக்கும்போதும் இரண்டு வெட்டுதான், தம்பி. உடைந்த துண்டு கையில் இருக்கிறதல்லவா? பாலிஸ்டைரீன் சிமென்டைத் தூரிகை நுனியால் ஒரு பொட்டு மட்டும் முறிவில் தொட்டு வையுங்கள். அது இரு பக்கத்தையும் இளக்கி ஒன்றாக்கும். ஜன்னலைத் திறந்து வைத்து, அப்பாவையோ அம்மாவையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். நேராக நிற்கும்படி தாங்கல் கொடுத்து ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள். நாளைக்கு மாலை வரை தலையைத் தொடாதீர்கள்.