வீட்டுப் பத்திரத்தை வங்கிக்கு எடுத்துச் செல்லும் முன்: சோமனூர்ப் பெற்றோருக்கு ஒரு கடிதம்

ஐயா, சென்ற சனிக்கிழமை நீங்களும் அம்மாவும் உங்கள் மைத்துனரும் மகனை அழைத்துக்கொண்டு படிப்பு ஆலோசனைக்கு வந்து என் எதிரில் அமர்ந்திருந்த இரண்டு மணி நேரத்தில், மகன் பேசியது மொத்தமே பத்து நிமிடம் இருக்காது. பன்னிரண்டு விசைத்தறிகளில் கூலிக்குக் காடா ஓட்டும் குடும்பம். பொறியியல் கலந்தாய்வுக்கான கட்-ஆஃப் 200-க்கு 131. செயற்கை நுண்ணறிவு என்ற பெயரும் சேர்ந்த கம்ப்யூட்டர் சயின்ஸ் பிரிவில் மைத்துனர் பேசி வைத்திருக்கும் நிர்வாக ஒதுக்கீட்டு இடம். நான்கு ஆண்டுக்கும் எல்லாம் சேர்த்து 10 லட்சம் ரூபாய். அதற்கு ஈடாக வீட்டுப் பத்திரம். "மச்சான் சொல்றது செரின்னுதானுங்க படுது, ஆனா ராத்திரில தூக்கம் வரமாட்டீங்குதுங்க" என்றீர்கள். கவலைப்படாதீர்கள் என்று சொல்லி அன்று அனுப்பி வைத்தேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று அன்றிரவே தோன்றியது. உங்கள் கவலை நியாயமானது. இதே தவிப்பில் இருக்கும் மற்றப் பெற்றோரும் படிக்கட்டும் என்று, உங்கள் அனுமதியோடு, அடையாளம் தெரியாதபடி இதை எழுதுகிறேன். கடன் ஏன் வேண்டாம் என்பதோடு, நிறுவனங்களின் மையக் கணினிகளைப் பராமரிக்கும் வேலை என்ற வேறொரு வழியையும் இதில் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. 10 லட்சம் ரூபாய் கடனை 11 சதவீத வட்டியில் ஏழு ஆண்டுகளில் அடைப்பதென்றால் மாதத் தவணை சுமார் 17,100 ரூபாய் வருகிறது. படிக்கும் நான்கு ஆண்டுகளில் சேரும் வட்டி இதில் இல்லை. தறிக்கூலி உயர்வுக்காக எத்தனை முறை தறிகளை நிறுத்திவிட்டுப் பேச்சுவார்த்தைக்குக் காத்திருந்திருக்கிறீர்கள் என்பதை நீங்களே சொன்னீர்கள். அப்படியொரு மாதத்தில் தறி நின்றாலும் தவணை நிற்காது. மைத்துனர் உங்கள் மகன் மீது உண்மையான அன்பு உள்ளவர் என்பதை நான் கண்டேன். ஆனால் அந்த அன்பு வீட்டை மீட்டுத் தராது. இந்தக் கடனை நீங்கள் வாங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது படிப்பு. செயற்கை நுண்ணறிவு என்ற பெயருக்குக் கீழே இருப்பது நேரியல் இயற்கணிதமும் நிகழ்தகவும் கலனக் கணிதமும்தான். மூன்று பாடங்களில் மகனுக்குக் குறைந்த மதிப்பெண் கணிதத்தில். நிரல் எழுதுவதில் விருப்பமில்லை என்று அவன் தலையைக் குனிந்தபடியே ஒருமுறை சொன்னான். அதற்குள் மைத்துனர் தம் மகள் சென்னையில் வாங்கும் சம்பளத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார். அந்தப் பெண்ணுக்குக் கணிதம் பிடித்தது, படித்தாள், நன்றாக இருக்கிறாள். அதை வைத்து இவனுக்கு என்ன பொருந்தும் என்று எப்படி முடிவு செய்வது?

அன்று அறையில் இருந்த மற்ற யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத ஒரு செய்தியை அம்மா போகிற போக்கில் சொன்னார்கள். தறிக்கூடத்துக் கணக்குக் கம்ப்யூட்டர் நினைத்தபோதெல்லாம் தானாக அணைந்து எழுந்துகொண்டிருந்தது. மதர்போர்டை மாற்ற வேண்டும் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். மகன் மட்டும் பத்து நாட்கள் அது அணையும் நேரத்தை ஒரு நோட்டில் குறித்து வைத்து, பக்கத்துக் கூடத்தில் கம்ப்ரசர் ஓடத் தொடங்கும் நேரத்தோடு அது ஒத்துப்போவதைக் கண்டுபிடித்து, மின்னழுத்தம் ஒரு நொடி இறங்கும்போது தாங்க வேண்டிய யு.பி.எஸ். பேட்டரி செத்துப்போயிருக்கிறது என்று சொன்னான். பேட்டரியை மாற்றியதும் சரியாகிவிட்டது. ஐயா, முப்பது பேர் வேலை செய்யும் அலுவலகத்தில் இப்படிப் பொறுமையாகக் குறித்துவைத்துக் காரணத்தைத் தேடுகிற ஒருவர் கிடைப்பதே அரிது. அந்த நோட்டை நான் மதிப்பெண் பட்டியலுக்கு மேலாக வைக்கிறேன்.

வழக்கமான வழிகள் எல்லாம் உறவினர் வாயிலாகவே உங்களுக்கு வந்து சேர்ந்துவிடும். எனவே யாரும் உங்களிடம் சொல்லாத ஒன்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அது நிறுவனங்களின் மையக் கணினிகளான சர்வர்களையும், அவற்றில் ஓடி ஊழியரின் திரையில் தோன்றும் விர்ச்சுவல் டெஸ்க்டாப் அமைப்புகளையும் பராமரித்துப் பழுது நீக்கும் வேலை.

திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தை எண்ணிப் பாருங்கள். ஆர்டர், நூல் இருப்பு, சாயப்பட்டறைக்குப் போன துணி, பேக்கிங் பட்டியல் எல்லாம் ஒரு சர்வரில் இருக்கின்றன. முன்பு ஒரு வேலைக்கு ஒரு சர்வர் என்று வாங்கினார்கள். இப்போது பெரிய இயந்திரம் ஒன்றுக்குள்ளேயே பத்து இருபது மெய்நிகர் கணினிகள் ஓடுகின்றன. துறையில் இருப்போர் அவற்றைச் சுருக்கமாக வி.எம். என்பார்கள். ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் மேசையில் இருப்பது தின் கிளையன்ட் என்னும் சிறு பெட்டி. அவர் காணும் விண்டோஸ் திரை சர்வர் அறையில் ஓடுகிறது. பெட்டி பழுதானால் வேறொன்றை மாட்டிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடரலாம், வாடிக்கையாளரின் டிசைன் கோப்பும் அலுவலகத்தை விட்டு வெளியே போகாது. வசதிதான். ஆனால் அந்தச் சர்வர் நின்றால் எண்பது மேசைகள் ஒன்றாக நிற்கும்.

திங்கட்கிழமை காலை யாருக்கும் லாக்கின் ஆகவில்லை என்று தொலைபேசி வருகிறது. சர்வர்களைக் கவனிக்கும் நல்ல சிஸ்டம் அட்மின் உடனே எதையும் ரீஸ்டார்ட் செய்ய மாட்டார். ஒருவருக்கா, எல்லோருக்குமா? எப்போதிலிருந்து? கடைசியாக என்ன மாற்றினீர்கள்? தறி நின்றால் பாவு அறுந்ததா, ஊடை அறுந்ததா என்று நீங்கள் பார்ப்பது போன்ற வரிசைதான் இது. காரணம் பல நேரங்களில் வியப்பூட்டும் அளவுக்குச் சிறியதாக இருக்கும். நிறுவனத்தின் கணினிகளையும் பயனர்களையும் ஒன்றாக நிர்வகிக்கும் விண்டோஸ் டொமைனில் கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் முறை, பயனர் கணினிக்கும் சர்வருக்கும் இடையே ஐந்து நிமிடத்துக்கு மேல் நேர வேறுபாடு இருந்தால் இயல்பு அமைப்பில் அனுமதி மறுத்துவிடும். பெரிய இயந்திரத்தின் கடிகாரம் பிசகி, அதைப் பார்த்து வி.எம்.களும் பிசகினால், கடவுச்சொல் சரியாக இருந்தும் உள்ளே நுழைய முடியாது.

இன்னொன்று, பலர் தொலைவிலிருந்து நுழைந்து வேலை செய்யும் ரிமோட் டெஸ்க்டாப் சர்வர் நான்கு மாதம் ஒழுங்காக ஓடிவிட்டு, ஒரு நாள் எல்லோரையும் வெளியே நிறுத்துவது. பார்த்தால், முறையான உரிமச் சர்வரை இணைக்காமலே மைக்ரோசாஃப்ட் தரும் 120 நாள் சலுகைக் காலம் முடிந்திருக்கும். நிறுவியவர் அந்த வேலையைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டுப் போயிருப்பார். அதேபோல, சாஃப்ட்வேர் மாற்றும் முன் பாதுகாப்புக்காக எடுத்த, வி.எம். அந்நேரம் இருந்த நிலையைக் காக்கும் ஸ்நாப்ஷாட்டை அழிக்க மறந்தால், அது நாளுக்கு நாள் வளர்ந்து சேமிப்பிடத்தை நிரப்பி, அதே இடத்தில் இருக்கும் மற்ற வி.எம்.களையும் நிறுத்திவிடும். ஸ்நாப்ஷாட்டை, தனியாக எடுத்து வைக்கும் பிரதியான பேக்கப் என்று நினைத்துக்கொள்வது இத்துறையில் அடிக்கடி நடக்கும் தவறு. ஒரே ஒருவருக்கு மட்டும் டெஸ்க்டாப்பில் வைத்த கோப்புகள் காணாமல் போயிருந்தால், பெரும்பாலும் அவை அழியவில்லை. முந்தைய அமர்வு அவருடைய அமைப்புகளும் கோப்புகளும் அடங்கிய புரொஃபைல் கோப்பை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதால் தற்காலிகப் புரொஃபைல் திறந்திருக்கும். அழுதுகொண்டிருக்கும் அந்த ஊழியரிடம் இதைப் பதற்றமில்லாமல் சொல்வதும் வேலையின் பகுதியே.

பராமரிப்பு என்பது பழுதாகும் முன் பார்ப்பது. ரெய்டு 5 முறையில் இணைத்த வட்டுகளில் ஒன்று செத்தாலும் சர்வர் ஓடிக்கொண்டே இருக்கும், ஒரு சிறு எச்சரிக்கை விளக்கு மட்டும் எரியும். அதை யாரும் பார்க்காமல் இரண்டாவது வட்டும் போனால் தரவு முழுவதும் போய்விடும். பஞ்சுத் தூசி பறக்கும் ஆலையின் ஓரத்து அறையில் சர்வர் இருந்தால், மின்விசிறி அடைபட்டுச் சூடேறும் என்பதை உங்கள் மகனுக்குப் புத்தகம் கற்றுத்தர வேண்டியதில்லை. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றுள் குறைந்தது ஒரு பிரதி கட்டடத்துக்கு வெளியே என்பது பேக்கப்பின் பழைய விதி. அதோடு, எடுத்த பேக்கப்பிலிருந்து மீட்டுப் பார்த்தால்தான் அது பேக்கப். ரிமோட் டெஸ்க்டாப்புக்கான 3389 என்னும் வாசலை இணையத்துக்கு நேராகத் திறந்து வைத்துவிட்டு, கோப்புகளை யாரோ பூட்டிப் பணம் கேட்கிறார்கள் என்று தவிக்கும் நிறுவனங்கள் உண்டு. 2017 மே மாதம் உலகைப் பிடித்த, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரைக்கு மருந்தான பேட்ச் என்னும் மென்பொருள் திருத்தம் அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில், வெளியாகியிருந்தது. அதைப் போட்டு முடித்திருந்த இடங்களில் அந்த ஓட்டை வழியே அது நுழையவில்லை.

எல்லாம் கிளவுடுக்கு, அதாவது இணையம் வழியே வாடகைக்குக் கிடைக்கும் கணினிகளுக்கு, போய்விட்டது, இனி சர்வர் எதற்கு என்று மைத்துனர் கேட்டார். அஸ்யூர் விர்ச்சுவல் டெஸ்க்டாப் போன்ற சேவைகளில் இயந்திரத்தையும் மின்சாரத்தையும் மைக்ரோசாஃப்ட் பார்த்துக்கொள்கிறது. டெஸ்க்டாப்பின் மூலப்படிவம், பயனர் உரிமைகள், புரொஃபைல், நெட்வொர்க், மாதக் கட்டணம் இவ்வளவும் நிறுவனத்தின் பொறுப்பாகவே இருக்கின்றன. இரவில் அணைக்க மறந்த கணினிகளுக்கும் பில் வரும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் பிழையான புதுப்பிப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தன என்று மைக்ரோசாஃப்ட் கணித்தது; நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதித் தந்தார்கள். அன்று பெரும்பாலான கணினிகளை ஒவ்வொன்றாகச் சேஃப் மோடில் திறந்து ஒரு கோப்பை அழிக்க மனிதர்கள்தான் வேண்டியிருந்தது. கிளவுடில் விழுந்த வி.எம்.களிலோ, ஒவ்வொன்றின் வட்டையும் கழற்றி நல்ல வி.எம். ஒன்றில் மாட்டி, கோப்பை அழித்து, மீண்டும் பழைய இடத்தில் பொருத்தினார்கள்.

வேலை குறையவில்லை என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மென்பொருளைத் தரும் வி.எம்.வேர் நிறுவனத்தை 2023 நவம்பரில் பிராட்காம் வாங்கியது. அடுத்த மாதமே, ஒருமுறை வாங்கினால் போதும் என்ற உரிம விற்பனையை நிறுத்திச் சந்தா முறைக்கு மாற்றியது. செலவு ஏறியதால் ஹைப்பர்-வி, பிராக்ஸ்மாக்ஸ் போன்ற மாற்று மென்பொருள்களுக்கு மாறலாமா என்று பல நிறுவனங்கள் யோசிக்கின்றன. விண்டோஸ் சர்வர் 2016-க்கான ஆதரவு 2027 ஜனவரி 12-இல் முடிகிறது. இந்த மாற்றங்களைத் தரவு சிதறாமல் செய்து முடிக்கக் கைதேர்ந்தவர்கள் வேண்டும்.

கடினமான பக்கத்தையும் மறைக்க மாட்டேன். எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகுதான் சர்வரில் கை வைக்க முடியும். ஞாயிறும் தீபாவளி விடுமுறையும் பராமரிப்புக்கு உகந்த நாட்களாகக் கருதப்படும். அமெரிக்க நிறுவனங்களுக்குச் சேவை செய்யும் இடங்களில் இரவு ஷிப்ட் உண்டு. தொடக்கச் சம்பளம் குறைவு. முதல் ஓராண்டு பிரிண்டரும் கடவுச்சொல்லுமாகக் கழியும். எல்லாம் ஓடும்போது யாரும் பாராட்ட மாட்டார்கள். இவற்றை மகனிடம் நீங்களே சொல்லி, அவன் முகத்தைப் பாருங்கள்.

வழி இதுதான். மேல்நிலையில் கணிதம், இயற்பியல், வேதியியல் படித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். இரண்டே ஆண்டில் டிப்ளமோ கையில் இருக்கும். அரசுப் பாலிடெக்னிக்கில் ஆண்டுக் கட்டணம் சில ஆயிரங்களில் முடிந்துவிடும். அதன்பின் மத்திய அரசின் தொழிற்பழகுநர் திட்டத்தில் உதவித்தொகையுடன் ஓராண்டுப் பயிற்சி பெறலாம், பி.இ. வேண்டும் என்று அவனுக்கே பின்னால் தோன்றினால் அங்கும் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர வழி இருக்கிறது. ஆகவே அந்தக் கதவு மூடிவிடும் என்ற அச்சம் வேண்டாம்.

வீட்டில் 16 ஜி.பி. நினைவகம் உள்ள பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கித் தாருங்கள். பிராக்ஸ்மாக்ஸ் இலவசம், விண்டோஸ் சர்வரை மைக்ரோசாஃப்ட் 180 நாள் சோதனைக்குத் தருகிறது, லினக்ஸுக்குக் காசே இல்லை. இரண்டு வி.எம். அமைத்து, ஒன்றில் டொமைன் வைத்து, மற்றதை இணைத்து, பிறகு கணினிப் பெயரை வைத்து அதன் முகவரியைக் கண்டுதரும் டி.என்.எஸ். சேவையின் முகவரியை வேண்டுமென்றே மாற்றிக் கெடுத்து, கெட்டது எப்படித் தெரிகிறது என்று அதே நோட்டில் எழுதட்டும். லினக்ஸ் நிறுவனமான ரெட் ஹாட் நடத்தும் ஆர்.எச்.சி.எஸ்.ஏ. என்னும் சிஸ்டம் அட்மின் தேர்வில் கொள்குறி வினாக்கள் கிடையாது. ஓடும் கணினியில் கேட்டதைச் செய்துகாட்ட வேண்டும். இவனைப் போன்ற பிள்ளைக்கு அது நியாயமான தேர்வு. வேலை உறுதி என்று சொல்லி லட்சத்தில் கட்டணம் கேட்கும் பயிற்சி நிலையங்களுக்கும், விடைகளை மனப்பாடம் செய்யவைத்துச் சான்றிதழ் வாங்கித் தருபவர்களுக்கும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம்.

மைத்துனரிடம் நானே பேசுகிறேன். பொறியியல் இடத்தைக் கைவிட்டதாகத் திருமண வீட்டில் யாராவது கேட்டால் என்ன சொல்வது என்பது அவருடைய உண்மையான தயக்கம். அதை மதித்தே பேசுவேன். அதுவரை அந்தக் கல்லூரிக்கு முன்பணம் எதுவும் கட்ட வேண்டாம், மகனின் அசல் சான்றிதழ்களை யாரிடமும் ஒப்படைக்கவும் வேண்டாம். வரும் சனிக்கிழமை காலை மகனை மட்டும் அனுப்புங்கள், பேருந்தில் வந்துவிடுவான். அந்த நோட்டை மறக்காமல் எடுத்துவரச் சொல்லுங்கள்.