சொல்லாமல் திருத்திய கேஸ் ஷீட்

கேள்வி: புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையின் அறுவை சிகிச்சைப் பிரிவில் பல ஆண்டுகளாகப் பிசிஷியன் அசிஸ்டென்ட்டாக (பிஏ), அதாவது மருத்துவருக்கு உதவியாகப் பணியாற்றுகிறேன். போஸ்டிங்குக்கு, அதாவது வார்டுப் பயிற்சிக்கு வரும் பிஏ மாணவர்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் இப்போது என்னிடமே வந்துவிட்டது. அதற்குத் தனிச் சம்பளம் இல்லை. என் வேலையும் குறையவில்லை. பிள்ளைகளோ கேள்வி கேட்பதே இல்லை. ரவுண்ட்ஸில் பின்னால் நின்று போனைப் பார்க்கிறார்கள். சென்ற மாதம் தவளக்குப்பத்திலிருந்து ஹெர்னியா அறுவைக்கு வந்த பெரியவரிடம் ஒரு மாணவி விவரம் கேட்டு, மருந்து எதுவும் எடுப்பதில்லை என்று கேஸ் ஷீட்டில் எழுதியிருந்தாள். நான் போய்க் கேட்டபோது அவர் இதய இரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தவர், இரத்தம் உறையாமலிருக்கக் குளோபிடோக்ரெல் மாத்திரை சாப்பிடுகிறவர் என்று தெரிந்தது. அவள் மனம் நோக வேண்டாமே என்று அவளிடம் சொல்லாமல் நானே திருத்திவிட்டேன். பண்ருட்டிப் பக்கம் முந்திரி விவசாயியின் மகள், பயந்த சுபாவம். வீட்டிலும் பத்தாம் வகுப்பு படிக்கும் மகளின் புத்தகப் பையை அடுக்குவது வரை எல்லாம் என் தலையில்தான். இந்தப் பொறுப்பே வேண்டாம் என்று துறைத் தலைவரிடம் சொல்லிவிடலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, புதுச்சேரி

பதில்:

சகோதரி, சம்பளம் இல்லை, வேலை குறையவில்லை, பிள்ளைகளுக்கு அக்கறை இல்லை என்னும் குறைகளை மூத்த செவிலியர்களும் லேப் டெக்னீஷியன்களும் எனக்கு எழுதிக்கொண்டேதான் இருக்கிறார்கள். அவற்றுக்குப் பிறகு வருகிறேன். போகிற போக்கில் நீங்கள் எழுதிவிட்டுக் கடந்துபோன ஒரு வரியை என்னால் கடக்க முடியவில்லை. அவளிடம் சொல்லாமல் நானே திருத்திவிட்டேன் என்கிறீர்கள். ஏன் சொல்லவில்லை?

அவள் மனம் நோகும் என்பது நீங்கள் சொல்லும் காரணம். நான் அதை ஏற்கவில்லை. ஒரு பெண்ணின் முகம் வாடுவதை எதிரில் நின்று பார்க்க வேண்டிய ஐந்து நிமிடச் சங்கடத்தை நீங்கள் தவிர்த்துக்கொண்டீர்கள். அதற்கு இரக்கம் என்று பெயர் வைத்துக்கொண்டதனால் அது இரக்கமாகிவிடாது.

நடந்ததை அந்த மாணவியின் பக்கத்திலிருந்து பாருங்கள். பெரியவரிடம் கேட்டாள், அவர் சொன்னதை எழுதினாள், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆகவே தான் எழுதியது சரி என்ற நம்பிக்கையோடு விடுதிக்குத் திரும்பினாள். குளோபிடோக்ரெல் சாப்பிடுகிறவருக்கு முதுகுத்தண்டில் ஊசி போட்டு மயக்கம் கொடுப்பதென்றால், அந்த மருந்தைப் பொதுவாக ஐந்து முதல் ஏழு நாட்களுக்கு முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்டுவடத்தைச் சுற்றி இரத்தம் கசிந்து கால்கள் செயலிழக்கும் ஆபத்து உண்டு. அதே வேளையில், ஸ்டென்ட் வைத்தவருக்கு இதய மருத்துவரைக் கேட்காமல் அதை நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளக்கூடும். இது உங்களுக்கு மனப்பாடம். அவளும் பாடத்தில் படித்திருப்பாள். ஆனால் தான் எழுதிய ஒரு வரி தன் நோயாளியை எந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கும் என்பது அவளுக்கு இன்றுவரை தெரியாது. அடுத்த மருத்துவமனையில் இதேபோல் இன்னொரு பெரியவர் வருவார். அங்கே இரண்டாம் முறை போய்க் கேட்க உங்களைப்போல் ஒருவர் இருப்பார் என்று யார் உறுதி கொடுத்தது?

அந்தப் பெரியவர் பொய் சொல்லவும் இல்லை. நம் பக்கத்துப் பெரியவர்களிடம் மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்டால், “அதெல்லாம் ஒண்ணும் கெடயாதும்மா” என்பார்கள். காலைப் பலகாரம் முடிந்ததும் மருமகள் உள்ளங்கையில் வைத்துத் தரும் சின்ன மாத்திரையை அவர்கள் மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அவர்களிடம் வேறு விதமாகக் கேட்க வேண்டும். “சாப்பிட்டதும் என்ன போட்டுக்குவீங்க ஐயா?” என்று கேட்க வேண்டும். முன்பு ஜிப்மருக்குப் போனதுண்டா, எதற்குப் போனார் என்று கேட்க வேண்டும். கூட வந்திருக்கும் மருமகளையும் கேட்க வேண்டும். கட்டிலுக்கு அடியில் இருக்கும் மஞ்சள் பையை எடுத்துக் காட்டச் சொல்ல வேண்டும். பழைய டிஸ்சார்ஜ் சம்மரியும், பெயர் இருந்த பக்கம் கத்தரிக்கப்பட்டுப் பாதி அட்டையாக நிற்கும் மாத்திரையும் அதற்குள்தான் இருக்கும். நீங்கள் போய்க் கேட்டபோது இவற்றில் ஒன்றைத்தானே செய்திருப்பீர்கள்? அந்தக் கேள்வியை அவளுக்குக் கொடுத்திருந்தால் அவள் ஓய்வுபெறும் நாள்வரை அது உதவியிருக்கும். பல ஆண்டுகள் வார்டில் நின்று சேர்த்ததை நீங்களே வைத்துக்கொண்டு, பிள்ளைகள் கேள்வி கேட்பதில்லை என்று வருந்துகிறீர்கள். தான் செய்த வேலை சரியா தவறா என்றே யாரும் சொல்லாத இடத்தில் ஒரு மாணவி எதைப் பற்றிக் கேட்பாள்?

உங்கள் தொழில் பிறந்த விதத்தை உங்களுக்கு நினைவூட்ட வேண்டியிருக்கிறது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 1965-இல் டாக்டர் யூஜின் ஸ்டெட், கடற்படையில் மருத்துவ உதவியாளர்களாக இருந்த நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு இதைத் தொடங்கினார். நம் நாட்டில் 1992-இல் சென்னை மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில், இதய அறுவை நிபுணர் டாக்டர் கே.எம். செரியனின் முயற்சியால் இந்தப் படிப்பு வந்தது. இரண்டு இடங்களிலும், தலைக்குமேல் வேலை இருந்தவர்கள் தம் அருகில் ஒருவரை நிறுத்திச் சொல்லிக்கொடுக்கச் சம்மதித்தார்கள். அதனால்தான் இன்று உங்கள் சட்டைப்பையில் அடையாள அட்டை இருக்கிறது. துணை மருத்துவத் தொழில்களுக்கான 2021-ஆம் ஆண்டின் தேசிய ஆணையச் சட்டம் உங்கள் தொழிலையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் மஞ்சள் பையைத் திறந்து பார்க்க எந்தச் சட்டமும் கற்றுத்தராது.

இனி அந்தப் பெண்ணின் தகப்பனாரைப் பற்றி. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கரையைக் கடந்தபோது பண்ருட்டிப் பக்கத்து முந்திரியும் பலாவும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்ததை நீங்களும் அறிவீர்கள். புதுக் கன்று வைத்து, அது காய்ப்புக்கு வரும்வரை ஆண்டுக்கணக்கில் காத்திருந்த ஊர்கள் அவை. அப்படிப்பட்ட மண்ணிலிருந்து ஒருவர் மகளைப் படிக்க அனுப்பியிருக்கிறார். யாரும் கோபித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளவா அனுப்பினார்? பெற்றவர் ஒப்படைத்த பிள்ளை நம் கையில் இருக்கும்வரை, கண்டிக்கும் கடமையும் நம்முடையதே என்பது என் உறுதியான எண்ணம். அதைச் செய்யாதவர் அந்தத் தகப்பனாருக்குக் கடன்பட்டவர்.

உங்கள் மகளின் புத்தகப் பையும் இதே கதைதான். பத்தாம் வகுப்புப் பெண்ணுக்கு நாளைய கால அட்டவணையைப் பார்த்துப் புத்தகம் எடுத்து வைக்கத் தெரியாதா? ஒருநாள் கணக்கு நோட்டை மறந்துவிட்டுப் போய் வகுப்பில் திட்டு வாங்கினால், மறுநாள் தானே எடுத்து வைப்பாள். பிறர் செய்ய வேண்டியதை எடுத்துச் செய்துவிட்டு, எல்லாம் என் தலையில் என்று வருந்துவது உங்களுக்குப் பழகிவிட்டது. வீட்டில் மகளுக்குச் செய்ததை வார்டில் மாணவிக்கும் செய்திருக்கிறீர்கள். இன்றிரவே அந்தப் பையிலிருந்து கையை எடுத்துவிடுங்கள்.

வார்டில் செய்ய வேண்டியது பெரிய வேலையல்ல. குடும்ப மருத்துவம் கற்பித்த அமெரிக்க ஆசிரியர்கள் 1992-இல் ஒரு முறையை எழுதி வைத்தார்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும். மாணவி நோயாளியைப் பார்த்துவிட்டு வந்ததும், இவருக்கு என்ன என்று நினைக்கிறாய் என்று முதலில் அவளைச் சொல்லவிட வேண்டும். எதை வைத்துச் சொல்கிறாய் என்று அடுத்துக் கேட்க வேண்டும். பிறகு எல்லா நோயாளிகளுக்கும் பொருந்தும் ஒரே ஒரு விதியைச் சொல்லி, அவள் சரியாகச் செய்தது எது, தவறியது எது என்று இரண்டையும் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும். “பரவாயில்லை, நல்லாப் பண்றே” என்பதில் ஒரு பயனும் இல்லை. தவறைச் சொல்வது நோயாளியின் காதில் விழக்கூடாது. ஆனால் அன்றைய பொழுது சாய்வதற்குள் சொல்லிவிட வேண்டும். கேஸ் ஷீட்டை எப்படித் திருத்தினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பழைய வரி படிக்கும்படியாக ஒரே கோடு போட்டு, கையெழுத்தும் தேதியும் நேரமும் இட்டிருந்தால் சரி. மேலெழுதியோ தாளை மாற்றியோ இருந்தால், அது மாணவியின் தவறைவிடப் பெரிய தவறு.

போனைப் பொறுத்தவரை, மருந்தின் அளவு பார்ப்பதற்கென்றால் சொல்லிவிட்டுப் பார்க்கட்டும். மற்ற நேரம் பையில் இருக்கட்டும். நோயாளியைப் படம் எடுத்தால் அன்றே வீட்டுக்கு அனுப்புங்கள்.

உங்கள் நேரத்தைப் பற்றிய குறையில் நியாயம் இருக்கிறது. வேலையைக் குறைக்காமல் மாணவர்களை மட்டும் தலையில் கட்டும் நிர்வாகம் அந்த மாணவர்களையும் ஏமாற்றுகிறது. ஒரே சமயத்தில் இரண்டு மாணவர்களுக்கு மேல் வேண்டாம் என்றும், ரவுண்ட்ஸுக்குப் பிறகு அரை மணி நேரம் உங்களுக்கு வேறு வேலை தரக்கூடாது என்றும் எழுத்திலேயே கேளுங்கள். தனி ஊதியமும் கேளுங்கள், கேட்பதில் குற்றமில்லை. பொறுப்பே வேண்டாம் என்று மட்டும் சொல்லாதீர்கள். உங்களுக்குத் தெரிந்த அளவு தெரியாத ஒருவரிடம்தான் அது அடுத்துப் போகும்.

அந்த மாணவி இப்போது வேறு பிரிவில் போஸ்டிங்கில் இருக்கக்கூடும். எங்கிருந்தாலும் தேடிப்போய், தனியாக உட்காரவைத்து, அந்தப் பெரியவரிடம் நீங்கள் என்ன கேட்டீர்கள், அவர் என்ன சொன்னார், அதனால் அறுவை பற்றிய முடிவு எப்படி மாறியது என்று முழுவதும் சொல்லுங்கள். அழுதால் அழட்டும், முடியும்வரை கூட இருங்கள். பிறகு உங்கள் வார்டில் புதிதாக வந்திருக்கும் ஒரு நோயாளியிடம் அவளையே அனுப்பி, விவரம் கேட்டு வரச் சொல்லுங்கள். துறைத் தலைவரிடம் கடிதத்தோடு போவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.