நகர வரலாற்று நூல்கள் ஏன் பாதியில் நிற்கின்றன?

கேள்வி: நகரங்களின் வரலாறு, நகர வாழ்க்கை பற்றிய நூல்கள் படிக்க ஆசை. இரண்டு தடித்த புத்தகங்கள் வாங்கினேன். இரண்டும் 100 பக்கம் தாண்டவில்லை. தெருப் பெயர்கள், ஆண்டுகள், மேயர்கள் எல்லாம் குழம்புகின்றன. எதில் தொடங்குவது, எப்படிப் படிப்பது?

பதில்: உங்கள் நினைவாற்றலைக் குறை சொல்லாதீர்கள். இந்த நூல்களை எழுதுபவருக்கு அந்த ஊர் மனப்பாடம். ஒரு தெருவின் பெயரைச் சொன்னதும் அது ஆற்றுக்கு எந்தப் பக்கம், மேடா பள்ளமா என்பது அவர் கண்ணுக்கு முன்னால் வந்துவிடும். உங்களுக்கு அது வெறும் பெயர். அதனால் முதல் அத்தியாயத்துக்கு முன்பே ஒரு வரைபடம் வேண்டும், அதையும் நீங்களே வரைய வேண்டும். அச்சிட்ட வரைபடத்தில் நூல் பேசாத ஆயிரம் பெயர்கள் இருக்கும். அது குழப்பத்தைக் கூட்டும்.

ஒரு ஏ4 தாளை எடுங்கள். முதலில் ஆறு, கடற்கரை, ஏரி. பிறகு மேட்டு நிலம். அடுத்து பழைய மதில், ரயில் பாதை, துறைமுகம், சந்தை. தெருக்கள் கடைசியில்தான். முதல் நாள் 15 பெயர்களுக்கு மேல் எழுதாதீர்கள். நூல் தொடங்கும் ஆண்டில் இருந்தவை கறுப்பு, பிறகு முளைத்தவை சிவப்பு. பாதி நூலுக்கு வரும்போது ஊர் எந்தத் திசையில் பெருத்தது என்பதைச் சிவப்புக் கோடுகளே காட்டிவிடும். பழைய பெயருக்குப் பக்கத்தில் இன்றைய பெயரையும் எழுதுங்கள். லண்டனில் 1854இல் காலரா தாக்கிய பிராட் ஸ்ட்ரீட்டின் இன்றைய பெயர் பிராட்விக் ஸ்ட்ரீட். இது தெரியாமல் இணைய வரைபடத்தில் தேடினால் நகரின் வேறொரு மூலையில் போய் நிற்பீர்கள்.

இனி வரிசை. ஐயாயிரம் ஆண்டு நகர வரலாற்றை ஒரே நூலில் சொல்லும் லூயிஸ் மம்ஃபர்டின் ‘தி சிட்டி இன் ஹிஸ்டரி’ (1961) பெரிய நூல்தான், ஆனால் தொடக்கத்துக்கு உகந்ததல்ல. நான்காவதாக வைத்துக்கொள்ளுங்கள். தொடங்குவதற்குச் சில தெருக்களும் சில நாட்களும் மட்டுமே கொண்ட நூல் வேண்டும். அந்த காலராவைப் பற்றிய ஸ்டீவன் ஜான்சனின் ‘தி கோஸ்ட் மேப்’ (2006) அப்படிப்பட்டது. உங்கள் தாளில் பிராட் ஸ்ட்ரீட்டில் மக்கள் குடிநீர் பிடித்த கை பம்பும் அதைச் சுற்றிய தெருக்களும் இருந்தால் போதும். இதில் ஒரு பயிற்சியும் கிடைக்கிறது. மருத்துவர் ஜான் ஸ்நோ காலராச் சாவுகளைக் குறித்த வரைபடத்தைப் பார்த்துத்தான் தண்ணீரே காரணம் என்று கண்டுபிடித்தார் என்பது ஊர் முழுக்கச் சொல்லும் கதை. ஆனால் 1849லேயே அவர் தண்ணீர்தான் காரணம் என்று எழுதிவிட்டார். 1854 செப்டம்பர் 8 அன்று பம்பின் கைப்பிடியைக் கழற்றியபோது சாவுகள் ஏற்கெனவே குறையத் தொடங்கியிருந்தன. வரைபடம் அவருடைய நூலில் அச்சானது 1855இல். நகரங்களைப் பற்றிய அழகான கதை எதைப் படித்தாலும், எது முதலில் நடந்தது என்று தேதிகளை இப்படி வரிசையாக எழுதிப் பாருங்கள்.

இரண்டாவதாக ஜேன் ஜேக்கப்ஸின் ‘தி டெத் அண்ட் லைஃப் ஆஃப் கிரேட் அமெரிக்கன் சிட்டீஸ்’ (1961). முதல் வாசிப்பில் நடைபாதைகளைப் பற்றிய 2, 3, 4ஆம் அத்தியாயங்கள் போதும். ஒரு தெருவில் வெவ்வேறு நேரங்களில் வெவ்வேறு வேலைக்காக ஆட்கள் வந்துபோனால்தான் அங்கே எப்போதும் கண்கள் இருக்கும், பாதுகாப்பும் இருக்கும் என்பது அவர் வாதம். பகல் சந்தையை நாளங்காடி என்றும் இரவுச் சந்தையை அல்லங்காடி என்றும் பிரித்துக் காட்டிய மதுரைக்காஞ்சியைப் படித்தவருக்கு இந்தப் பார்வை சட்டென்று பிடிபடும். கூடவே கெவின் லிஞ்சின் ‘தி இமேஜ் ஆஃப் தி சிட்டி’ (1960). பாதை, விளிம்பு, வட்டாரம், சந்திப்பு, அடையாளச் சின்னம் என்ற அவருடைய ஐந்து கூறுகளையும் உங்கள் தாளிலேயே குறிக்கலாம்.

அத்தியாயச் சுருக்கம் எழுதும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். இந்த நூல்களில் ஒரே சந்தை 3ஆம் அத்தியாயத்திலும் 11ஆம் அத்தியாயத்திலும் வரும். இடத்துக்கு ஓர் அட்டை வையுங்கள். அதில் என்ன மாறியது, எந்த ஆண்டு. யார் முடிவு, யார் பணம். யார் வெளியேறினார்கள் என்று மூன்று வரி. மூன்றாவது வரி அட்டைக்கு அட்டை காலியாகவே இருந்தால், நூலாசிரியர் அதைத் தேடவில்லை என்று பொருள். ஒரு தடவைக்கு 25 பக்கம் போதும்.

வாசகர்கள் அதிகம் சறுக்குவது எண்களில். நியூயார்க்கின் மக்கள்தொகை 1890இல் சுமார் 15 லட்சம், 1900இல் 34 லட்சம். பத்தே ஆண்டில் இப்படி வீங்கக் காரணம், 1898இல் புரூக்ளின் உள்ளிட்ட பகுதிகளை நகரத்தோடு இணைத்ததுதான். அதுவரை புரூக்ளின் தனி நகரம். மக்கள்தொகை எண்ணைப் பார்த்தால் எல்லைக்கோடு எந்த ஆண்டுடையது என்று உடனே பாருங்கள். அடுத்த சறுக்கல், திட்டத்தைக் கட்டி முடித்த ஊராக நினைப்பது. பார்சிலோனாவுக்குப் பொறியாளர் இல்டெஃபோன்ஸ் செர்தா 1859இல் போட்ட திட்டத்தில், தெருக்கள் சூழ்ந்த பெரும்பாலான கட்டங்களில் இரண்டு பக்கம்தான் கட்டடம், நடுவே தோட்டம். பின்னால் நான்கு பக்கமும் கட்டி, நடுவையும் நிரப்பிவிட்டார்கள். வரைபடத்தின் நிறத்தை அப்படியே நம்புவது இன்னொரு சறுக்கல். லண்டனின் வறுமையைத் தெருத் தெருவாக ஆராய்ந்த சார்லஸ் பூத்தின் வரைபடங்களைப் பாருங்கள். கறுப்பு முதல் மஞ்சள் வரை ஏழு நிறங்கள், ஆனால் நிறம் தெருவுக்கு. அதே தெருவில் வசதியாக இருந்த வீடு அதில் தெரியாது. கறுப்பு நிறத்துக்கான குறிப்பில் அங்கே வாழ்ந்தவர்களின் ஒழுக்கத்தைப் பற்றிய தீர்ப்பும் கலந்திருக்கிறது. எந்த வரைபடத்தையும் நிறக்குறிப்பைப் படித்த பிறகே நம்புங்கள்.

அடுத்த நூலை வாங்கும் முன் கடைசிப் பக்கங்களைப் புரட்டுங்கள். சொல்லடைவில் வாடகை, சாக்கடை, குடிநீர், நில விலை இருக்கின்றனவா? மேயர்களும் கட்டடக் கலைஞர்களும் மட்டும் இருந்தால் அது நகரத்தின் வரலாறு ஆகாது, நகரத்தை ஆண்டவர்களின் வரலாறு.

ராபர்ட் காரோவின் ‘தி பவர் புரோக்கர்’ (1974) 1,100 பக்கங்களுக்கு மேல். நியூயார்க்கின் பாலங்களையும் நெடுஞ்சாலைகளையும் தன் பிடியில் வைத்திருந்த ராபர்ட் மோசஸைப் பற்றியது. முதல் பக்கத்திலிருந்து தொடங்கினால் மறுபடியும் நின்றுவிடும். ‘ஒன் மைல்’ என்ற அத்தியாயத்தை முதலில் படியுங்கள். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் ஒரு மைல் சாலைக்காக ஒரு குடியிருப்பே கலைந்த கதை அது. சற்றுத் தள்ளி, பெரும்பாலான வீடுகளைக் காப்பாற்றியிருக்கக்கூடிய மாற்றுப் பாதை ஒன்று இருந்தது. கட்டிய சாலையைச் சிவப்பிலும் மாற்றுப் பாதையைப் பென்சிலிலும் வரைந்துவிட்டு, பிறகு முதல் அத்தியாயத்துக்குப் போங்கள்.